மழையில் தோற்ற சாஃப்ட்பால் ஆட்டமும், எறியாமல் விட்டிருக்க வேண்டிய ஒரு பந்தும்

கேள்வி சுருக்கமாக இது: சியாட்டில் பக்கம் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் இழுத்ததில் ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால் (பந்தை மெதுவாக வளைத்துப் போடும் பேஸ்பால் வகை) அணியில் சேர்ந்தீர்கள். நேற்று இரவு மூன்றாவது ஆட்டம். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை மழை, 19-6 என்று தோல்வி. அம்பயர் ஏன் ஆட்டத்தை நிறுத்தவில்லை? மழை இரண்டு அணிக்கும்தானே பெய்தது, எங்களை மட்டும் ஏன் இப்படிச் சாய்த்தது? ஊரில் கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நின்று பேர் வாங்கிய என் கையிலிருந்து மூன்று எறிகள் ஃபர்ஸ்ட் பேஸ்காரர் (அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய பேஸைக் காப்பவர்) தலைக்கு மேலே போனது ஏன்?

பதினாலு வருடமாக இதே பக்கத்து மைதானங்களில் ஆடுகிறேன். நடுவில் மூன்று சீசன் அம்பயராகவும் நின்றேன். இப்படிப்பட்ட இரவுகளில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம் என்பதால் எழுத நிறைய இருக்கிறது.

இரண்டாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்ற இரண்டுக்கும் வழி அதில்தான் இருக்கிறது. கிரிக்கெட்டில் விக்கெட் எப்படி விழுகிறது? போல்டு, எல்பிடபிள்யூ என்று ஃபீல்டரின் கையே படாமல் பாதி ஆட்டத்தை முடித்துவிடலாம். ஸ்லோ பிட்சில் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. பந்து போடும் பிட்சர் 50 அடி தூரத்திலிருந்து கையைக் கீழாக வீசி, பந்து ஆறடிக்கு மேல் வளைந்து ஏறி இறங்கும்படி போட வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பேட்டர் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். அதனால் எல்லோரும் அடிப்பார்கள். பத்து பேர் ஃபீல்டிங்கில் நிற்பதே அதற்காகத்தான். வரும் அவுட்டெல்லாம் ஒன்று பிடித்து வர வேண்டும், இல்லை எறிந்து வர வேண்டும். அதாவது கைவழியாக. மழை கெடுப்பதும் அந்தக் கையைத்தான். பேட் பிடிப்பவருக்கும் வழுக்கும், ஆனால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் துண்டால் துடைத்துக்கொள்ளலாம். சேற்றில் உருண்டு வரும் பந்தை எடுத்து ஒரு நொடிக்குள் எறிய வேண்டியவருக்கு அந்த வசதி ஏது?

சரி, இரண்டு அணியும் மாறி மாறி ஃபீல்டிங் செய்கின்றனவே என்று கேட்பீர்கள். மழை அன்றைக்கு அணிகளைப் பிரிப்பது ஒரே விஷயம்: யார் எத்தனை முறை பந்தை எறிகிறார்கள். ஈரப் பந்தை எறியும் ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்குகிறீர்கள். குறைவாகக் குலுக்குகிறவர் தப்பிப்பார். இதில் இன்னொரு வினையும் உண்டு. ஒரு பிழை நடந்தால் இன்னிங்ஸ் நீள்கிறது. நீண்டால் பத்து பேரும் வெளியே நின்று இன்னும் இருபது நிமிடம் நனைகிறார்கள். எதிரணி அந்த நேரம் முழுக்க டக்அவுட்டில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்கிறது. விரல் மரத்தவர்கள் அடுத்த பிழையைச் செய்கிறார்கள். 19 ரன் விட்டீர்கள் என்றால், எதிரணியைவிட எத்தனை நிமிடம் அதிகமாக நனைந்தீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மழை இருவருக்கும் சமமாகப் பெய்யவில்லை என்பது புரியும்.

என் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஐந்தாறு வருடம் முன்பு ஒரு மே மாதம், இரவு ஒன்பது மணி ஆட்டம். குளிர் ஏழெட்டு டிகிரி. நாங்கள் ஹோம் டீம், அதாவது கடைசியாக பேட் செய்பவர்கள். நாலு இன்னிங்ஸ் முடிந்தபோது 9-3 என்று முன்னிலை. மூன்றாவது இன்னிங்ஸிலேயே தூறல் மழையாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் கேப்டனுக்கு விதி ஞாபகம் வந்தது. இந்த ஆட்டம் மொத்தம் ஏழு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் மூன்று அவுட் ஆகும் வரை ஒருமுறை பேட் செய்யும். ஐந்து முடிந்துவிட்டால், அல்லது ஹோம் டீம் முன்னிலையில் இருந்து எதிரணி ஐந்தாவது முறை பேட் செய்து முடித்துவிட்டால், அதன்பிறகு மழையால் நின்றாலும் அது முழு ஆட்டமாகக் கணக்காகும், ஸ்கோர் நிற்கும். டக்வொர்த் லூயிஸ் மாதிரிச் சூத்திரம் எதுவும் இங்கே கிடையாது. யார் முன்னால் நிற்கிறாரோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான். ஆக எங்களுக்குத் தேவை இன்னும் மூன்றே அவுட். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று டக்அவுட்டே கத்த ஆரம்பித்தது.

முதல் பேட்டர் தரையோடு அடித்து அவுட். இன்னும் இரண்டு. அடுத்தவர் ஒரு சிங்கிள். எங்கள் பிட்சர் வழக்கமாக ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையைப் பின்பக்கத்தில் செருகிய துண்டில் துடைப்பார். அவசரத்தில் அதை விட்டுவிட்டார். நாலு பந்தும் வெளியே, வாக், அதாவது பேட்டருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் இலவசம். ஃபர்ஸ்ட்டிலும் செகண்டிலும் ஆள். அடுத்த பந்தை வலக்கை பேட்டர் என்னை நோக்கி அடித்தார். நான் தேர்ட் பேஸில் நின்றிருந்தேன். மெதுவான உருட்டல், சேற்றில் வேகம் செத்து என் கிளவுஸுக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. தேர்ட் பேஸ் எனக்கு வலப்பக்கம் நாலு எட்டு தூரத்தில் இருந்தது. நடந்து போய் மிதித்திருந்தாலே, செகண்டிலிருந்து அங்கே ஓடி வந்தே ஆக வேண்டியவர் அவுட், ஃபோர்ஸ் அவுட் என்பார்கள். ஆனால் மண்டைக்குள் ‘சீக்கிரம்’. செகண்டுக்கு எறிந்து, அங்கிருந்து ஃபர்ஸ்ட்டுக்குப் போய் ஒரே அடியில் இரண்டு அவுட், டபுள் பிளே, இன்னிங்ஸ் காலி, ஆட்டம் எங்களுடையது என்று ஒரு நொடியில் படம் ஓடிவிட்டது. பந்து விரலை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்தது. செகண்ட் பேஸ்காரர் எம்பிப் பார்த்தார், ஒரு அடி மேலே. ரைட் ஃபீல்டில் இருந்தவர் ஓடி வந்து, புல்லில் வழுக்கி உட்கார்ந்தபடியே பந்து தன்னைத் தாண்டிப் போவதை வேடிக்கை பார்த்தார். அந்த இன்னிங்ஸில் எட்டு ரன். 11-9 என்று அவர்கள் முன்னால்.

இதில் பெரிய வேடிக்கை, அம்பயருக்கு ஆட்டத்தை நிறுத்தும் எண்ணமே இல்லை. அதே மழையில் ஏழு இன்னிங்ஸும் ஆடி முடித்தோம். 14-10. வராத ஒரு நிறுத்தத்துக்குப் பயந்து ஓடிக் கால் தடுக்கி விழுந்தோம். முடிந்தபிறகு அவரிடம் போய், ‘ஐந்தாவது முடிந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்களா’ என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், ‘இதற்கா?’ என்றார்.

‘இதற்கா’ என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, சியாட்டிலில் ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் சென்னை அதை அறுபது நாளுக்குள் கொட்டித் தீர்த்துவிடும், பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில். சியாட்டில் அந்தக் கொஞ்சத்தையே ஏறக்குறைய 150 நாளுக்குச் சொட்டுச் சொட்டாக நீட்டும். தூறலுக்கெல்லாம் நிறுத்தினால் இங்கே வசந்தகால லீக் என்று ஒன்றை நடத்தவே முடியாது. ஆட்டம் தொடங்கும் வரை, நடத்தலாமா வேண்டாமா என்பது லீக் அல்லது மைதானப் பொறுப்பாளர் கையில். தொடங்கிவிட்டால் அம்பயர் கையில். அவர் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று இடி, மின்னல். இடிச் சத்தம் காதில் விழுந்தால் பேச்சே இல்லை, எல்லோரும் வெளியே, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆனால் சியாட்டிலில் இடி இடிப்பது வருடத்தில் சில நாட்கள்தான். இரண்டாவது, தரை. ஓடுகிறவர் கால் பிடிக்கிறதா, பேட் கையை விட்டுப் பறக்கிறதா, பேஸைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கிறதா. நேற்று நீங்கள் ஆடியது செயற்கைப் புல் மைதானம் என்றால் அதுவும் இருந்திருக்காது, தண்ணீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். நான் அம்பயராக நின்றிருந்தாலும் நேற்று நிறுத்தியிருக்க மாட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

மண் மைதானமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் நம் ஆட்கள் துடைப்பம் தேடுவார்கள். தள்ளாதீர்கள். தண்ணீரோடு நுண்ணிய களிமண்ணும் போய்விடும், அந்தப் பள்ளம் அடுத்த மழைக்கு இன்னும் ஆழமாகும். பேட்டர் நிற்கும் இடமும் பேஸைச் சுற்றிய இடமும் எப்போதும் குழியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் கால் தோண்டுவது, மீதி இந்த அவசரச் சேவைதான். பஞ்சோ சிறு கைப் பம்போ வைத்துத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம் சுட்ட களிமண் பொடியைக் கொஞ்சமாகத் தூவ வேண்டும்.

ஐந்து இன்னிங்ஸ் விதியை ஏதோ பொழுதுபோக்கு லீக்கின் ஓட்டை உடைசல் என்று நினைக்க வேண்டாம். தொழில்முறை பேஸ்பாலிலும் முழு ஆட்டமாகக் கணக்காக ஐந்து இன்னிங்ஸ்தான் அளவு. பேஸ்பால் கோப்பைக்கான இறுதித் தொடரான 2008 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 27, பிலடெல்பியா. ஆறாவது இன்னிங்ஸில் டாம்பா பே அணியின் பி.ஜே. அப்டன் குட்டைகளுக்கு நடுவே தண்ணீர் தெறிக்க ஓடி வந்து 2-2 என்று சமன் செய்தார். அத்தோடு ஆட்டம் நின்றது. விட்ட இடத்திலிருந்து இரண்டு நாள் கழித்துத் தொடர்ந்து, பிலடெல்பியா அணியான ஃபிலீஸ் 4-3 என்று ஜெயித்துக் கோப்பையையும் எடுத்தது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் பிளேஆஃப் ஆட்டங்களை எத்தனை நாளானாலும் முழுதாக ஆடியே தீர வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, சும்மா சொல்லி வைக்கிறேன். இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்குக் கீழே. 1887 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் நாள், சிகாகோவில் ஃபாரகட் படகு கிளப். ஹார்வர்டு-யேல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் குத்துச்சண்டை கிளவுஸ் ஒன்றைத் தூக்கி எறிய, மற்றொருவர் கையிலிருந்த கோலால் அதை அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கிளவுஸையே கயிற்றால் சுற்றிப் பந்தாக்கி, சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டு ஆட்டமாக்கிவிட்டார். குளிர்காலத்தில் வெளியே பேஸ்பால் ஆட முடியாது என்பதால் உள்ளே ஆடக் கிடைத்த ஆட்டம் என்றுதான் அது பரவியது. சாஃப்ட்பால் என்ற பெயரே 1926இல்தான் வந்தது. அதை வெளியே கொண்டுபோய், அதுவும் சியாட்டில் ஏப்ரலில் இரவு ஒன்பது மணிக்கு வைத்தது பின்னால் வந்தவர்களின் புண்ணியம்.

இப்போது உங்கள் மூன்று எறிகள். கிரிக்கெட் பந்தின் சுற்றளவு சுமார் 22.5 சென்டிமீட்டர், எடை 160 கிராம் சுற்று. இந்தப் பந்து சுற்றளவில் 30 சென்டிமீட்டர், எடை 180இலிருந்து 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்தை இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அடக்கிவிடலாம். இதை அப்படி அடக்க முடியாது, விரல் நுனியால் பற்றித்தான் எறிய வேண்டும். காய்ந்த நாளில் அது தெரியாது. ஈரத்தில் பந்து நீங்கள் நினைத்த நேரத்துக்கு முன்பே கழன்றுவிடும். முன்பே கழன்றால் மேலே போகும். மூன்றும் தலைக்கு மேலேயே போனதற்கு அதுதான் காரணம், உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று விரலைத் தையலுக்குக் குறுக்கே வையுங்கள், தையல்தான் ஈரத்தில் கிடைக்கும் ஒரே பிடி. ஓடிக்கொண்டே பக்கவாட்டில் விட்டெறியும் பாயின்ட் வித்தை வேண்டாம். நின்று, தோளைத் திருப்பி, ஃபர்ஸ்ட் பேஸ்காரரின் முழங்காலைப் பார்த்து எறியுங்கள். கொஞ்சம் மேலே போனாலும் நெஞ்சுக்கு வரும். தரையில் ஒருமுறை குத்தி அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம், தெரியும். ஈர மண்ணில் பந்து குத்தினால் அங்கேயே செத்துக் கிடக்கும், ஈரச் செயற்கைப் புல்லில் சறுக்கிக்கொண்டு பாயும். இரண்டுமே ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்குத் தலைவலி.

எறிந்த பந்து மைதான எல்லையைத் தாண்டி வேலிக்கு வெளியே போய்விட்டால், ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் எறிந்த நேரத்தில் இருந்த இடத்திலிருந்து இரண்டு பேஸ் இலவசம். ஒரு சாதாரண சிங்கிளைத் தேர்ட் பேஸ் வரை கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் இந்த ஆத்திர எறிதான். ஆள் முக்கால் தூரம் ஓடிவிட்டார் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரன்னர் ஃபர்ஸ்ட்டில் நிற்பதால் யாரும் செத்துப்போவதில்லை. பக்கத்திலேயே மிதிக்க ஒரு பேஸ் இருந்தால் மிதியுங்கள். முடிந்தால் கீழ்க்கையால் தட்டி விடுங்கள். என் நாலு எட்டுக் கதையை அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் இன்ஃபீல்டு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள், எனக்கு வெட்கமில்லை.

பேட்டிங்கில் இதையே திருப்பிப் போட வேண்டும். எதிரணியை எறிய வையுங்கள். நனைந்த பந்து கனம், குளிர்ந்த காற்றில் தூரமும் போகாது. வேலியைத் தாண்டப் போகிறேன் என்று தூக்கி அடிப்பவர்கள் அன்றைக்கு லெஃப்ட் ஃபீல்டரின் கையில்தான் போய் விழுவார்கள். இடப்பக்கம் தரையோடு அடியுங்கள். செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் தேர்ட் பேஸ்காரரும் மைதானத்தின் அகலத்துக்கு எறிய வேண்டிவரும், சீட்டுக் குலுக்கும் வேலை அவர்கள் தலையில். பிட்சர் திணறுகிறார் என்று தெரிந்தால் முதல் பந்தைத் தொடாதீர்கள், வாக் வாங்கிக்கொண்டு நடந்து போங்கள். நாங்கள் அந்த ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு கோபத்தில் முதல் பந்துக்கே சுழற்றி, மிச்ச மூன்று முறை பேட் செய்து எடுத்தது ஒரே ஒரு ரன்.

பந்து மாற்றிக் கேட்கலாம் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. அம்பயர் பையில் வழக்கமாக இன்னொரு பந்து இருக்கும். கோட்டுக்கு வெளியே ஃபவுல் போய்ப் புல்லில் ஊறி வந்ததும் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். உங்கள் அணியின் மாற்றுப் பந்தையும் இரண்டு துண்டையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு டக்அவுட்டில் வையுங்கள். பிட்சர் கை துடைக்க எடுக்கும் நேரத்தை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டவர்கள் தொப்பியின் முன்விளிம்பை நன்றாக இறக்கிவிட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில், மழைத் துளி படிந்த கண்ணாடி வழியாக உயரப் பந்தைப் பார்த்தால் ஒன்றுக்கு நாலாகத் தெரியும். எங்கள் அணியில் ஏழு பேர் கண்ணாடிக்காரர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். ஃபர்ஸ்ட் பேஸை நோக்கி ஓடும்போது வெள்ளைப் பாதியும் ஆரஞ்சுப் பாதியுமாக இரட்டை பேஸ் வைத்திருப்பார்கள், உங்களுடையது ஆரஞ்சு. ஈரத்தில் அதன் மேற்பரப்பு பாசி பிடித்த படித்துறை மாதிரி. நடுவில் மிதிக்காமல் முன்விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடுங்கள். விலை கூடிய காம்போசிட் (கார்பன் நார்க் கலவை) பேட்டை வெளியே எடுக்கவே வேண்டாம். சுமார் 15 டிகிரிக்குக் கீழே அது விரிசல் விடலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பழைய அலுமினியம் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நேற்று நனைந்த கிளவுஸ் இன்னும் கார் டிக்கியில் மூடிய பைக்குள்ளேயே கிடக்கிறதென்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் எடுங்கள். துணியால் ஒற்றித் துடைத்து, விரல்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நடுக்குழியில் ஒரு பந்தை வைத்து, வீட்டுக்குள் காற்றாட வைத்துவிடுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். ஹீட்டர் மேலேயோ ஹேர் டிரையர் முன்னாலோ மட்டும் கொண்டுபோகாதீர்கள், தோல் அப்பளமாகிவிடும். இரண்டு நாளில் காய்ந்ததும் தோலுக்கான எண்ணெயைக் கொஞ்சம் தடவுங்கள். ஷூவுக்கும் அதே செய்தித்தாள் வைத்தியம்தான், ஆனால் அதை வெளியே வராந்தாவில் வைத்துச் செய்யுங்கள்.